கரும்பலகையில் எழுதிய முதலிடம்

திருச்சி,
மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். உன் அலுவலகத்தில் ஜூன் மாதம் முழுவதும் கறுப்பின இசை மாதம் கொண்டாடப் போகிறார்கள் என்றும், மதிய உணவு வேளையில் ஒலிபரப்புவதற்குத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாடல்களாகப் பார்த்துப் பொறுக்கித் தரும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்றும் தொலைபேசியில் சொன்னாய். "கேசட் கடை வைத்திருந்தவர் நீங்கள், பட்டியலை நீங்களே போட்டுக் கொடுங்கள்" என்றாய். பட்டியல் போடும் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய குறுகுறுப்பு உண்டு. அதனால்தான் அப்போது மழுப்பிவிட்டு இப்போது கடிதமாக எழுதுகிறேன்.

நம் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது கைக்குழந்தை. சனிக்கிழமைதோறும் அதில் 'இந்த வார முதல் பத்து' என்று சாக்பீஸால் எழுதுவேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும் கல்லூரிப் பையன்கள் அதை நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அதில் பாதி பொய். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய எந்த இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து தரச்சொல்லி ஒருவரும் கேட்கவில்லையோ, அதற்கு நான்காம் இடத்தையோ ஐந்தாம் இடத்தையோ கொடுத்துவிடுவேன். முதலிடம் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்ற எச்சரிக்கை மட்டும் இருந்தது.

அமெரிக்காவின் 'பில்போர்ட்' பத்திரிகையும் 1991 வரை ஏறக்குறைய இதே வழியில்தான் தன் பட்டியல்களைத் தயாரித்தது என்று பிற்பாடு படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எது விற்கிறது என்று கடைக்காரர்களைக் கேட்பார்கள், எதைப் போடுகிறீர்கள் என்று வானொலி நிலையங்களைக் கேட்பார்கள், அவர்கள் சொன்னதைக் கூட்டிக் கழித்து அச்சிடுவார்கள். கடைக்காரன் மனசு எனக்குத் தெரியும். அவன் தான் விற்க விரும்புவதையும், தன் கடைக்கு வந்துபோகிறவர்கள் என்று தான் நினைத்துக்கொண்டிருப்பவர்களின் விருப்பத்தையுமே சொல்லுவான். அந்த ஆண்டு மே மாதம் இசைத்தொகுப்புகளுக்கும் நவம்பரில் தனிப்பாடல்களுக்கும் கணினிக் கணக்கு வந்தது. விற்ற தட்டின் பட்டைக்கோட்டை இயந்திரம் படித்துத் தானே எண்ணிக்கொண்டது. தொகுப்புகளுக்குக் கணக்கு வந்த அடுத்த மாதமே, ஜூனில், என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் தொகுப்பு முதலிடத்துக்கு வந்து நின்றது. அத்தனை பேர் அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அதுவரை எந்தக் கல்லாப்பெட்டியும் வாய்திறந்து சொல்லவில்லை.

ஆகவே, கறுப்பினக் கலைஞர் ஒருவரின் பாடல் முதலிடம் பெற்றது என்று எங்கே படித்தாலும், எந்தப் பட்டியலில் என்று நான் உடனே கேட்டுக்கொள்வேன். 1942-இல் பில்போர்ட் அவர்களுக்கென்று தனிப் பட்டியல் தொடங்கியபோது, நியூயார்க்கில் அவர்கள் வாழ்ந்த பகுதியின் பெயரைச் சேர்த்து அதை 'ஹார்லெம் ஹிட் பரேட்' என்று அழைத்தது. மூன்று ஆண்டுகளில் அது 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' ஆயிற்று. பாட்டுக்கே சாதிப் பெயர் வைத்தது போலத்தான். 1949-இல் அந்தச் சொல்லை மாற்றி 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று வைத்தார்கள். பெயர் மாறியதே தவிரத் தனிப்பந்தி மாறவில்லை. ஃபேட்ஸ் டாமினோவின் 'ஏன்ட் தட் எ ஷேம்' 1955-இல் தனிப்பந்தியில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அதே பாட்டைப் பாட் பூன் என்ற வெள்ளையர் பாடிப் பொதுப் பட்டியலில் முதலிடம் வாங்கிக்கொண்டு போனார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார். ஒரே சாம்பாரில் உப்பை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

எல்லாருக்கும் பொதுவான 'ஹாட் 100' பட்டியல் 1958 ஆகஸ்டில் வந்தது. அடுத்த மாதமே டாமி எட்வர்ட்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் 'இட்ஸ் ஆல் இன் தி கேம்' பாடலால் அதன் உச்சிக்குப் போனார். ஆறு வாரம் இறங்கவில்லை. அந்த மெட்டைப் போட்டவர் சார்லஸ் டாஸ் என்பவர். அவர் பிற்பாடு அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர், நோபல் அமைதிப் பரிசும் பெற்றவர். உன் வரிசையை இந்தப் பாட்டில் தொடங்கு. அதற்கடுத்து ரே சார்ல்ஸின் 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' வரட்டும். 1960-இல் முதலிடம் பெற்ற அந்தப் பாட்டை 1979-இல் ஜார்ஜியா மாநிலமே தன் அதிகாரப்பூர்வப் பாடலாக்கிக்கொண்டது.

இனி உன் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். டெட்ராய்ட்டில் வேலை கிடைத்தது என்று நீ சொன்ன அன்று, நான் கார்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் மேற்கு கிராண்ட் புல்வார்டு 2648-ஆம் எண் வீடு உன் அறையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? அந்த வீட்டை விலைக்கு வாங்கிய பெர்ரி கோர்டி எனக்கு ஒரு வகையில் சகபாடி. அவரும் முதலில் இசைத்தட்டுக் கடைதான் வைத்தார். வந்தவர்கள் புளூஸ் கேட்டார்கள். அவர் தனக்குப் பிடித்த ஜாஸ் தட்டுகளாக வாங்கி அடுக்கினார். கடையை மூட வேண்டியதாயிற்று. பிறகு லிங்கன் மெர்க்குரி தொழிற்சாலையில் வரிசையில் நின்று கார் பாகங்களைப் பொருத்தும் வேலைக்குப் போனார். ஒரு முனையில் வெறும் சட்டமாக ஏறுவது மறுமுனையில் பளபளக்கும் காராக இறங்குவதை அங்கே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெருவில் பாடித் திரியும் பிள்ளைகளையும் இப்படி உருவாக்கலாமே என்று தோன்றியது. 1959 ஜனவரியில் தன் குடும்பத்தாரின் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கினார். அதுதான் மோடவுன் இசைத்தட்டு நிறுவனம்.

வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஒரு கூட்டம் நடக்கும். அந்த வாரம் பதிவான பாட்டுகளைப் போட்டுக் கேட்டு, எதை வெளியிடுவது என்று வாக்கெடுப்பார்கள். கையில் இருப்பது கடைசி ஒரு டாலர், பசியும் இருக்கிறது. இந்தத் தட்டை வாங்குவீர்களா, சாண்ட்விச் வாங்குவீர்களா என்பது கோர்டி கேட்கும் கேள்வி. நான் கடை நடத்திய நாட்களில் இது எனக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ தட்டுகளை வாங்காமல் மசால் தோசை சாப்பிட்டிருப்பேன்.

அந்த நிறுவனத்துக்கு ஹாட் 100-இல் முதன்முதலாக முதலிடம் வாங்கித் தந்தவர்கள், டெட்ராய்ட்டை ஒட்டிய இங்க்ஸ்டர் ஊரின் பள்ளிப் பெண்கள். குழுவின் பெயர் மார்வெலெட்ஸ். பாட்டு 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்'. காலம் 1961 டிசம்பர். காதலன் கடிதம் வருமா என்று தபால்காரரை வழிமறித்துக் கேட்கும் அந்தப் பாட்டின் தட்டு, சிங்கப்பூரிலிருந்து உன் சித்தப்பா கொண்டுவந்த பெட்டியில் இருந்தது. பின்னால் கணீரென்று ஒலிக்கும் டிரம்ஸை வாசித்திருப்பவர் அப்போது பெயர் தெரியாத இளைஞராக இருந்த மார்வின் கே. அதன்பின் வந்த அவர்களுடைய இசைத்தொகுப்பின் உறையில் பாடிய பெண்களைக் காணோம். ஒட்டடை படிந்த ஒரு தபால் பெட்டியை வரைந்திருந்தார்கள். கறுப்பினப் பெண்களின் முகத்தைப் போட்டால் தெற்கு மாநிலக் கடைகளில் தட்டை வெளியே வைக்கமாட்டார்கள் என்ற அச்சம் அந்தக் காலத்துக் கம்பெனிகளுக்கு இருந்தது. உறை பார்த்து விற்பனை நடப்பதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: முகத்தை மறைத்துக்கொண்டு முதலிடம் வாங்குவது எளிய காரியம் இல்லை.

பட்டியலின் விசித்திரம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1963 நவம்பர் கடைசியிலிருந்து 1965 ஜனவரி வரை பில்போர்ட் தன் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலை வெளியிடவே இல்லை. கறுப்பினப் பாடல்கள் பொதுப் பட்டியலில் அந்த அளவுக்குக் கலந்துவிட்ட நேரம் அது. அந்த இடைவெளிக்குள்தான் சுப்ரீம்ஸ் குழுவின் மூன்று பெண்கள் 'வேர் டிட் அவர் லவ் கோ' பாடலால் முதலிடம் பிடித்துத் தங்கள் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்தடுத்து ஐந்து பாடல்கள், மொத்தம் பன்னிரண்டு. அவற்றில் உன் பட்டியலுக்கு 1966-இல் வந்த 'யூ கான்ட் ஹர்ரி லவ்' போதும். ஆனால் பாடுகிறவரைக் கேட்காதே, அடியில் ஓடும் பேஸ் கிடாரைக் கேள். ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டியது அது. அவரும் அவருடைய தோழர்களும், 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று பெயர், அந்த வீட்டின் சின்னஞ்சிறு பதிவுக் கூடத்தில் எத்தனையோ முதலிடங்களை வாசித்துக் கொடுத்தார்கள். 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு வரும்வரை எந்த மோடவுன் உறையிலும் அவர்கள் பெயர் அச்சாகவில்லை. பாட்டை ஒலிபரப்பும்போது பெயர்களை வாசிப்பீர்கள் என்றால் ஜேமர்சன் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல். அப்பாவுக்காகச் செய்.

1963-இல் முதலிடம் பெற்ற 'ஃபிங்கர்டிப்ஸ்' பாடலை விட்டுவிடாதே. பார்வையற்ற சிறுவன் ஸ்டீவி வொண்டருக்கு அப்போது பதின்மூன்று வயது. சிகாகோவின் ரீகல் அரங்கில் நேரடியாகப் பதிவானது அது. பாடி முடித்துக் கைதட்டலோடு உள்ளே போகவேண்டிய பையன் திடீரென்று திரும்பி வந்து மறுபடியும் ஹார்மோனிகாவை வாயில் வைத்துவிடுகிறான். அதற்குள் அடுத்த பாடகிக்கு வாசிக்கும் பேஸ் கலைஞர் மேடைக்கு வந்துவிட்டார். எந்தச் சுருதி என்று தெரியாமல் "வாட் கீ? வாட் கீ?" என்று அவர் பதறுவது தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. நம் கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரர் பாடகர் முகத்தையே பார்த்துக்கொண்டு தவிப்பாரே, அதே தவிப்பு. வெட்டி எறிய வேண்டிய பிழையை அப்படியே விட்டார்கள். நாடே அதை முதலிடத்தில் வைத்தது.

அரீதா ஃபிராங்ளினும் உன் ஊர்ப் பெண்தான். அவருடைய தந்தை டெட்ராய்ட்டின் நியூ பெத்தேல் தேவாலயத்தில் போதகர். 'ரெஸ்பெக்ட்' பாடலை எழுதி 1965-இல் முதலில் பாடியவர் ஓடிஸ் ரெட்டிங். வீடு திரும்பும் ஆண்மகன் மரியாதை கேட்கும் பாட்டு அது. அரீதா அதை எடுத்து, பெண் கேட்கும் பாட்டாகத் திருப்பி, அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரித்து, தன் சகோதரிகளைப் பின்பாட்டுப் பாடவைத்து, 1967 ஜூனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். ஓடிஸுக்கு அதுவரை அந்த இடம் வாய்க்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி விமான விபத்தில் இறந்தார். சில நாள் முன்பு பதிவு செய்த 'தி டாக் ஆஃப் தி பே' 1968 மார்ச்சில் முதலிடம் பெற்றது. பாடியவர் மறைந்தபின் ஹாட் 100-இன் உச்சிக்குப் போன முதல் பாட்டு அது. கடைசியில் ஒரு சீழ்க்கை வரும். அந்த இடத்தில் எவராவது பேசிக்கொண்டிருந்தால் எனக்குக் கோபம் வரும் என்பது உன் அம்மாவுக்குத் தெரியும்.

மைக்கேல் ஜாக்சனைப் பற்றி உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? 'த்ரில்லர்' தொகுப்பு நாற்பத்திரண்டு நிமிடம். அறுபது நிமிடக் கேசட்டைக் கொண்டுவந்து அதைப் பதியச் சொல்வார்கள். பக்கத்துக்கு எட்டு, பத்து நிமிடம் மீதமிருக்கும். அந்த இடத்தில் ஸ்டீவியின் 'ஐ ஜஸ்ட் கால்ட் டு சே ஐ லவ் யூ' பாட்டைக் கேட்காமலே நிரப்பிக் கொடுப்பேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. 'பில்லி ஜீன்' 1983-இல் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. என் கரும்பலகையில் ஏழு மாதம் இருந்தது. அந்த ஒன்று மட்டும் பொய் இல்லை.

விட்னி ஹூஸ்டன், பாய்ஸ் டு மென் எல்லாம் உன் தோழிகளுக்கே தெரியும். அவற்றை அவர்களே சேர்க்கட்டும். 2003 அக்டோபரில் ஒரு வாரம் முதல் பத்து இடங்களிலும் கறுப்பினக் கலைஞர்களே இருந்தார்கள். அதற்குச் சாட்சியாக அந்த வாரத்தின் முதலிடமான 'பேபி பாய்' இருக்கட்டும். கடைசியில் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்டு டவுன் ரோடு' வரவேண்டும். 2019-இல் அதைப் பில்போர்ட் தன் கன்ட்ரி பட்டியலிலிருந்து, அதாவது அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசைக்கான பட்டியலிலிருந்து, நீக்கியது. அது கன்ட்ரி இசையே இல்லையாம். இணையத்தில் முப்பது டாலருக்கு வாங்கிய தாளத்தின்மேல் பாடிய அந்தப் பையனின் பாட்டு பொதுப் பட்டியலில் பத்தொன்பது வாரம் முதலிடத்தைவிட்டு நகரவில்லை. 2024-இல் பியான்சே ஒரு பாட்டோடு அதே கன்ட்ரி பட்டியலின் உச்சிக்குப் போனார்; அங்கே முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஹார்லெம் பரேடிலிருந்து எண்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மோடவுன் இருந்த அந்த வீடு 1985 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. இத்தனை நாளாக நீ போகாதது எனக்கு வருத்தம்தான். வரும் ஜூனிலாவது போ. மிட்டாய் இயந்திரம் ஒன்று இருக்குமாம். பார்வையில்லாத ஸ்டீவி தடவி எடுப்பதற்கு வசதியாக அவனுக்குப் பிடித்த மிட்டாயை எப்போதும் ஒரே வரிசையில் வைப்பார்களாம். அதைப் படம் எடுத்து அனுப்பு. எதிரொலி வேண்டும் என்பதற்காக உட்கூரையில் துளை போட்டு, பரணையே ஒலிக்கூடமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அனுமதித்தால் அதன் கீழே நின்று ஒருமுறை கைதட்டு. சத்தம் எப்படித் திரும்பி வருகிறது என்று நிதானமாகக் கேட்டு எழுது. தொலைபேசியில் சொல்லாதே, நடுவில் உன் அம்மா வாங்கிக்கொண்டு நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள்.

அன்புடன்,
அப்பா