காலாண்டு நிறைவும் சனிக்கிழமைச் சதுரங்க வகுப்பும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டுத் தேர்வுகள் நல்ல முறையில் நிறைவுற்று விடுமுறை தொடங்கியுள்ளது. வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றுப் பரிசுகள் பெற்றனர். மழைக்காலத்திற்கு முன்பே வகுப்பறைகளின் பழுதுபார்க்கும் பணிகளும் முடிந்துவிட்டன. இவற்றுக்கு ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

சனிக்கிழமைதோறும் நடைபெறும் சதுரங்க வகுப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

2022 ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையின் படத்தைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லும் முயற்சியாகவே, அடுத்த கல்வியாண்டில் இவ்வகுப்பைத் தொடங்கினோம். ராமநாதபுரத்திலிருந்து பேருந்தில் வந்து செல்லும் பயிற்சியாளரின் மதிப்பூதியம், பலகைகள், ஆட்டக் கடிகாரங்கள், வெளியூர்ப் போட்டிகளுக்கான நுழைவுக் கட்டணம் ஆகியவற்றுக்காக, இயன்ற குடும்பங்களிடம் மாதக் கட்டணம் பெறுகிறோம். இயலாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நம் முன்னாள் மாணவர்கள் தரும் நன்கொடையிலிருந்து அத்தொகையைச் செலுத்துகிறோம். நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை இருப்பதையும், வீட்டில் கையிருப்பு முழுவதும் கரைந்து போயிருக்கும் அந்த நாட்களில்தான் பள்ளி திறந்து இவ்வகுப்பின் சேர்க்கையும் நடக்கிறது என்பதையும் நான் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படகுக்குச் செல்லும் தந்தையும் கடற்பாசி எடுக்கச் செல்லும் தாயும் உழைப்பில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுடைய வருமானம் மாதச் சம்பளம் போல ஒரே நாளில் ஒரே அளவாக வருவதில்லை, அவ்வளவுதான்.

கடந்த சில வாரங்களாக இப்பிள்ளைகள் பயிலும் வகுப்பு 'ஓசி செஸ்' என்று அழைக்கப்படுவதாக அறிந்து மிகவும் வருந்தினேன். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் இச்சொல் இடம்பெற்றதாகத் தெரிகிறது. இதையடுத்து நான்கு மாணவர்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒரு மாணவியின் தாய் சென்ற வாரம் என்னைச் சந்திக்க வந்தார். பாசி எடுக்கும்போது பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிக்கொள்ளும் துணியைக்கூட அவர் இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. நான்காக மடித்த ஒரு இருநூறு ரூபாய்த் தாளை என் மேசைமீது வைத்து, "இந்த மாசக் கட்டணத்துல இதைக் கழிச்சுக்கங்க சார், மிச்சத்தைப் பின்னாடி தர்றேன், பிள்ளையை மட்டும் அப்படிச் சொல்ல வேணாம்னு சொல்லுங்க" என்றார். அத்தாளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவர் கேட்டதற்கு அன்று என்னால் சரியான மறுமொழி சொல்ல முடியவில்லை. இக்கடிதமே அந்த மறுமொழி.

முதலில் எங்கள் பக்கத்துத் தவறு. வருகைப் பதிவேட்டில் கட்டணம் செலுத்துவோர், செலுத்தாதோர் என இரு பட்டியல்களை வைத்து, அவற்றைப் பிள்ளைகள் காதுபடவே வாசித்து வந்தோம். அவ்வாறு செய்திருக்கக் கூடாது; அதற்காக வருந்துகிறேன். இப்போது அகரவரிசையில் ஒரே பட்டியல்தான் உள்ளது. கட்டணத்தை இனிப் பெற்றோர் அலுவலகத்தில் நேரில் செலுத்தினால் போதும். பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.

கட்டணம் செலுத்துவோருக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று பெற்றோர் சிலர் எழுத்து மூலம் கேட்டுள்ளனர். தங்கள் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் கிடைக்க வேண்டும் என்ற விருப்பத்தில் தவறில்லை. ஆயினும் சதுரங்கம் எப்படிக் கற்கப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஆட்டம் முடிந்த பின், வென்றவரும் தோற்றவரும் எழுதி வைத்த நகர்வுகளைப் பார்த்து அதே ஆட்டத்தை மறுபடி ஆடி, எங்கே பிழை நேர்ந்தது என்று சேர்ந்து தேடுகிறார்களே, பயிற்சியின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அதற்குத் தன்னைவிட நன்றாக ஆடும் எதிராளி தேவை. வராமல் நின்றுவிட்ட நால்வரில் இருவர் வகுப்பின் சிறந்த ஆட்டக்காரர்கள். அவர்கள் இல்லாத இந்த வாரங்களில் மற்ற பிள்ளைகள் எளிதாக வெல்வதாகவும், அதனாலேயே அவசரமாக ஆடி நகர்வுகளைக் குறிப்பதில் கவனம் இழப்பதாகவும் பயிற்சியாளர் கூறுகிறார். போட்டிகளில் பின்பற்றப்படும் ஸ்விஸ் முறையில், ஏறத்தாழ ஒரே புள்ளி பெற்றவர்களே ஒருவரோடொருவர் மோத வேண்டும். அங்கே எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எந்தப் பெற்றோருக்கும் இல்லை.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியனான குகேஷின் தந்தை ஒரு மருத்துவர். மகனுடன் போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தம் தொழிலையே நிறுத்தியவர். அப்படிப்பட்ட குடும்பமும் பணத்திற்குச் சிரமப்பட்ட ஒரு காலத்தில், பெற்றோரின் நண்பர்கள் தம் செலவுகளுக்கு உதவியதைக் குகேஷ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்த உதவியை யாரும் ஓசி என்று சொல்லவில்லை.

நம் மண்ணில் நடந்த ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். ராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பில் முன்வரிசையில் அர்ச்சகரின் மகனுக்கு அருகில் அமர்ந்திருந்த சிறுவன் அப்துல் கலாமை, புதிதாக வந்த ஆசிரியர் பின்வரிசைக்கு அனுப்பினார். அதை அறிந்ததும் அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தவர், முன்வரிசையிலேயே இருத்தப்பட்ட பிள்ளையின் தந்தையான லட்சுமண சாஸ்திரிகள். கட்டணம் செலுத்தும் பெற்றோரிடமிருந்து நான் எதிர்பார்ப்பதும் அதுவே.

ஆகவே தெளிவாகக் கூறுகிறேன். தனி வகுப்பு நடத்தப்பட மாட்டாது. அந்தச் சொல் பள்ளி வளாகத்தில் இனி ஒருமுறை ஒலித்தாலும், சொன்ன மாணவரின் பெற்றோரை நேரில் அழைத்துப் பேசுவேன். பிள்ளைகள் இச்சொல்லைத் தாமாகக் கற்றிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. இந்த ஏற்பாட்டை ஏற்க இயலாதவர்கள் தங்கள் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம். செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படும்.

தங்களில் மிகப் பெரும்பாலோர் அவ்வாறு எண்ணுபவர்கள் அல்லர் என்பதை நன்கு அறிவேன். செய்தி கேள்விப்பட்டவுடன், தம் மகனுடன் இன்னொரு பிள்ளையின் கட்டணத்தையும் தாமே ஏற்பதாகப் பெயர் குறிப்பிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு சொன்னவர்கள் உண்டு. வெளியூர்ப் போட்டிகளுக்கு நம் மாணவர்கள் அனைவரையும் தம் வாகனத்தில் அழைத்துச் சென்று, உணவும் கட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. அவர்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

வராமல் நின்றுவிட்ட நான்கு மாணவர்களின் பெற்றோருக்கு: தங்கள் பிள்ளைகளின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை. விடுமுறைக்குப் பின் வரும் முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வகுப்பு தொடங்கும். அன்று நானும் வகுப்பில் இருப்பேன். பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பி வையுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்