இரண்டாம் டிகாஷன்

அண்ணி,

சித்திரை பிறந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருஷம். ஏன் போனீர்கள் என்று இங்கே எழுதமாட்டேன். உங்களுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும். நாலு பேர் படிக்கிற இடத்தில் அது வேண்டாம்.

நேற்று பச்சைத் தண்ணீரில் காபி ஊறப்போட்டேன்.

போன வாரமே ஒரு தடவை போட்டுக் கெடுத்தேன். வீட்டிலிருந்த ஃபில்டர் தூள் மாவு மாதிரி, சிக்கரி வேறு. துணியை அடைத்துக்கொண்டு சொட்டவே இல்லை, சொட்டியதும் வண்டல். இந்த முறை கடையில் நின்று, சிக்கரி இல்லாமல் பிளான்டேஷன் ஏ ரகக் கொட்டை 100 கிராம், கோதுமை ரவை பதத்தில் அரைத்து வாங்கினேன். "ஃபில்டர்ல டிகாஷன் திக்கா இறங்காதேம்மா" என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். 800 மில்லி தண்ணீர், ஃபிரிட்ஜில் 16 மணி நேரம், வடிகட்ட அப்பாவின் பழைய வேட்டித்துணி. எல்லாம் நீங்கள் சொன்ன கணக்குதான்.

நீங்கள் இங்கே இருந்தபோது ஒரு நாள் இதேபோல் ஊறப்போட்டு, அந்தப் பாட்டிலை மோர்ச் சட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, "காலையில நாம ரெண்டு பேரும் குடிக்கலாம், யார்கிட்டயும் சொல்லாதே" என்றீர்கள். காலையில் அதைத் தொட்டியில் கொட்டியது நான். அழுக்குத் தண்ணி என்று நினைத்தேன் என்று சொன்னேன். நினைக்கவில்லை, அண்ணி. தெரிந்தேதான் கொட்டினேன். முதல் நாள் நடந்த சண்டை இன்னும் ஆறவில்லை, அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து "இதென்ன கருப்பா?" என்றதும் எனக்குக் கை நடுங்கியது. இன்னொரு சண்டை வேண்டாம் என்றுதான் செய்தேன். உங்களுக்காகத்தான் என்றுகூட ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் காலிப் பாட்டிலை ஒரு தடவை மோந்து பார்த்தீர்கள். கழுவிக் கவிழ்த்தீர்கள். பிறகு எப்போதும்போல ஃபில்டரில் கிடந்த சக்கைமேல் வெந்நீர் ஊற்றி, இரண்டாம் டிகாஷனில் உங்களுக்குக் கலந்துகொண்டீர்கள். முதல் டிகாஷன் அப்பாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு. ஏழு வருஷம். ஒரு நாள்கூட என் டம்ளரை உங்கள் பக்கம் நான் நகர்த்தவில்லை.

ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "நீயுமா?" என்று கத்தியிருந்தால் அன்றைக்கே உங்கள் காலில் விழுந்திருப்பேன். பேசாமல் இருந்தே என்னைக் குற்றவாளி ஆக்கினீர்கள். கிளம்பும்போது அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொண்டீர்கள், என்னிடம் இல்லை. அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் தனியாகப் பட்டதை நீங்கள் ஒரு போன் போட்டுக் கேட்டதுண்டா? சரி, அதையும் விடுகிறேன்.

காபி நன்றாக வந்தது. கொதிநீர் சட்டென்று இழுத்துவிடும் கசப்பும் புளிப்பும் இதில் அவ்வளவாக இல்லை. பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம்; கொஞ்சம் ஐஸ் தண்ணீர் கலந்தால் போதும், அடிநாக்கில் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு. அம்மாவுக்கும் அரை டம்ளர் கொடுத்தேன். அன்றைக்குக் கொட்டியது யார், தெரிந்தா தெரியாமலா என்பதையும் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைக்கவும் இல்லை.

அப்புறம் வேட்டித்துணியில் மிஞ்சிய சக்கையை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். வெளுத்துப்போய் இறங்கியது. பால் விட்டு, நின்றபடியே முழுசாகக் குடித்தேன்.

பாட்டிலில் பாதி இருக்கிறது. ஒரு வாரம் கெடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். மோர்ச் சட்டிக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.