ஒரே கட்டளையில் எழும் சூழல் வேண்டும்: டர்பன் தமிழ்த் திறமூலத் தளங்களைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கோயில் நாட்காட்டி, தமிழ்ப்பள்ளிப் பாடத்தளம், சங்க உறுப்பினர் பதிவேடு என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதை ஒட்டிய சாட்ஸ்வர்த்திலும் நீங்கள் பராமரிக்கும் நிரல்களை எவரும் எடுத்துத் திருத்தலாம். ஆனால் எடுத்தவர் அதைத் தம் மடிக்கணினியில் ஓடவைப்பதற்குள் சனி, ஞாயிறு இரண்டும் கழிந்துவிடுகின்றன. தளத்தை ஓட்ட ஒருவரிடம் விண்டோஸில் சாம்ப், இன்னொருவரிடம் மேக்கில் ஹோம்புரூ, மூன்றாமவரிடம் உபுண்டு லினக்ஸ். தளங்கள் எழுதப்பட்ட பிஎச்பி நிரல்மொழியின் பதிப்போ ஆளுக்கொன்று. ஒவ்வொரு திட்டமும் தன் நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே ஒரே ஓர் உருவாக்கச் சூழலை, அதாவது தளத்தை ஓடவைத்துத் திருத்தத் தேவையான மென்பொருள் அமைப்பை, வைத்திருக்க வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை.

பிஎச்பி தளங்களுக்கு டிடெவ் போதும். மென்பொருளைத் தேவையான எல்லாவற்றுடனும் தனித்தனிப் பெட்டியாக (கன்டெய்னர்) ஓடவைக்கும் டாக்கரின் மேல் ஓடும் திறமூலக் கருவி அது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே அமைவுக் கோப்பு செல்லும். அந்தக் கோப்பில் பிஎச்பி, தரவுத்தளப் பதிப்புகளை உங்கள் சேவையகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால் டிடெவ் மரியாடிபி என்ற தரவுத்தளத்தைத் தரும். உங்கள் சேவையகத்தில் மைஎஸ்கியூஎல் 8 தரவுத்தளம் இருந்தால், எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் அதன் இயல்பான வரிசைமுறையைப் பல மரியாடிபி பதிப்புகள் அறியா. இறக்குமதி முதல் அட்டவணையிலேயே நின்றுவிடும். ஏற்றுமதிக் கோப்பில் அந்த வரிசைமுறையின் பெயரைத் தேடி மாற்றி ஒப்பேற்றுவது கூடாது. பெயர்கள் வரிசைப்படும் விதம் மாறிப்போகும், பிறகு பிழையை எங்கே தேடுவது?

பிஎச்பி நூலகங்களை நிறுவும் கம்போசர் கருவி எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக் கோப்பைக் களஞ்சியத்தில் சேருங்கள். வழிகாட்டியில் ‘இன்ஸ்டால்’ மட்டுமே இருக்கட்டும். ‘அப்டேட்’ என்று எழுதினால் ஆளுக்கொரு நூலகப் பதிப்பு வந்துசேரும்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல். 2022, 2023-இல் மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை (கட்டம் கூடக்கூட வெட்டும் கூடும்) போனதை மறந்திருக்க மாட்டீர்கள். வெட்டு நேரத்தில் மடிக்கணினி மின்கலத்தில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். டிடெவ் தளங்களின் முகவரியோ இணையத்தில் பெயரை எண் முகவரியாக்கும் டிஎன்எஸ் வழியாகத்தான் 127.0.0.1-க்கு, அதாவது அதே கணினிக்கு, திரும்புகிறது. எல்லாம் கணினிக்குள்ளேயே இருந்தும் தளம் திறக்காது. டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் முகவரி கணினியின் சொந்தப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதப்படும். நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும், கொடுத்தால் தீர்ந்தது.

கைப்பேசி டேட்டாவில் வேலை செய்பவர்களுக்கு டாக்கர் படிமங்களை (கன்டெய்னர்கள் உருவாகும் மூலக் கோப்புகளை) இணையத்திலிருந்து இழுப்பதே பெருஞ்செலவு. ஒருவர் இழுத்து, ‘டாக்கர் சேவ்’ கட்டளையால் ஒரே கோப்பாக்கிப் பென் டிரைவில் கொடுக்கட்டும். வாங்குபவர் ‘டாக்கர் லோட்’ செய்தால் போதும். இதில் இரண்டு இடங்களில் சறுக்கும். ஆப்பிள் எம் வரிசைச் சில்லுள்ள மேக்கில் எடுத்த படிமம் இன்டெல் கணினிக்கு ஆகாது. இரண்டு கோப்புகள் வேண்டும். டிடெவ் பதிப்பு வேறானால் அது வேறு படிமத்தைக் கேட்டு மீண்டும் இறக்கத் தொடங்கும். ஆகவே எந்தப் பதிப்பு என்பதையும் அமைவுக் கோப்பிலேயே கட்டுப்படுத்துங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வேண்டும். திட்டத்தைச் சி டிரைவில் வைத்தால் ஒவ்வொரு பக்கமும் ஊர்ந்துதான் வரும். லினக்ஸ் பக்கத்து ஹோம் அடைவில் வையுங்கள். 8 ஜிபி நினைவகத்தில் பாதிவரை டபிள்யூஎஸ்எல் எடுத்துக்கொள்ளும் என்பதால் வேலை முடிந்ததும் ‘டிடெவ் பவர்ஆஃப்’ கொடுக்கச் சொல்லுங்கள். வலைத்தளங்கள் பயன்படுத்தும் 80, 443 துறைகளை (போர்ட்) சாம்ப் பிடித்துவைத்திருந்தால் முதலில் அதை நிறுத்திவிடுவது நல்லது. வரிமுடிவுக் குறிகள் லினக்ஸ் முறையான எல்எஃப் ஆகவே இருக்கும்படி, நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியின் அமைப்பைக் களஞ்சியத்திலேயே வைக்காவிட்டால், ஷெல் நிரல் கண்ணெதிரே இருந்தும் ‘கோப்பு இல்லை’ என்ற பிழை வரும்.

தமிழுக்கென்று சில உண்டு. பொதுவான வழிகாட்டிகள் இவற்றைச் சொல்வதில்லை. அழைப்பிதழைப் பிடிஎஃப் ஆக்கும் கன்டெய்னரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்களே அச்சாகும். நோட்டோ அல்லது லோகித் பொதியை அமைவுக் கோப்பில் சேருங்கள். முதல் ஓட்டத்துக்கு இணையம் தேவைப்படும். ‘கோ’ என்பதன் துணையெழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் கோப்புமுறை பிரித்தே சேமிக்கும். லினக்ஸ் சேவையகம் இரண்டையும் வேறு வேறு பெயராகக் கொள்ளும். படக்கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டாம். நேர மண்டலத்தை ஜோகன்னஸ்பர்க் என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால், நள்ளிரவு 00:00 எனப் பதிந்த தைப்பூசக் காவடி உலகப் பொது நேரத்தில் 22:00 ஆகி, முந்தைய நாளில் போய் நிற்கும்.

கடைசியாக, தரவு. உண்மையான உறுப்பினர் பட்டியலைத் தன்னார்வலர்களுக்கு அனுப்பாதீர்கள். தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் தென்னாப்பிரிக்கச் சட்டமான போபியாவின் கடமைகள் 2021 ஜூலை 1 முதல் சங்கங்களையும் கட்டுப்படுத்துகின்றன. இருபது கற்பனை உறுப்பினர்கள் போதும். அவர்களுள் நீண்ட தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தில் மட்டும் பெயருள்ளவர், தொலைபேசி எண் இல்லாதவர் எல்லோரும் இருக்கட்டும். பிழைகள் அங்கேதான் பிடிபடும்.

இதுவரை எதுவும் நிறுவாத ஒரு மடிக்கணினியில், உங்கள் வழிகாட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, புதியவர் ஒருவர் தளத்தை எழுப்பிக் காட்டட்டும். அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் களஞ்சியத்தில் விடுபட்ட ஒரு வரி. எந்தத் திட்டத்தில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். முதல் அமைவுக் கோப்பை நாங்களே எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நிரல்களுக்குப் பங்களிக்கும் தன்னார்வலர்கள்,
டர்பன்