சட்டம் படிப்பித்த எனக்குப் பாடம் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். நான் பணி ஓய்வு பெற்றதை ஒட்டிப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் சிலர் விரும்பினார்கள். பொன்னாடைகள் வேண்டாம், என் படிப்புக்கும் எழுத்துக்கும் துணை நின்றவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்ல இடம் கொடுத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். அரசமைப்புச் சட்டத்தையும் பெண்ணுரிமையையும் பற்றி நான் எழுதியவற்றில் உருப்படியானவை பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலக வாசல்களில் கற்றவை. ஆகவே இம்மடலில் நீதியரசர்களைவிடப் பத்திர எழுத்தர்களுக்குக் கூடுதல் இடம் கிடைத்திருப்பதை யாரும் பிழையாகக் கொள்ள வேண்டாம்.

முதல் நன்றி, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்டக் கல்லூரியில் எனக்குக் குற்றவியல் சட்டம் நடத்திய, இன்று நம்மிடையே இல்லாத ஆசிரியைக்கு. மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைக் காவல் நிலையத்தில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் காவலர்கள் இருவரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்ததைக் கண்டித்து, லோத்திகா சர்க்கார், உபேந்திர பக்ஷி உள்ளிட்ட நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலின் தட்டச்சுப் படி ஒன்றை அவர் வகுப்பில் சுற்றுக்கு விட்டார். தீர்ப்பைப் படித்து ஒப்பிப்பதே சட்டக் கல்வி என்று எண்ணியிருந்த எங்களுக்கு, சட்ட ஆசிரியர்கள் உச்ச நீதிமன்றத்தைப் பார்த்து மரியாதை குறையாமல் 'இது தவறு' என்று சொல்ல முடியும் என்பதே புதிய செய்தியாக இருந்தது. காவலில் நடக்கும் பாலியல் வன்முறையைத் தனிக் குற்றமாக்கிய 1983ஆம் ஆண்டின் திருத்தம் வந்தபோது, அந்தப் படியை அவர் மீண்டும் எடுத்துவந்து எங்களுக்குப் பின் வந்த வகுப்புக்கும் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம். பெண்களுக்கும் ஆண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது அறுபது ஆண்டுகள் கழித்து. இதைச் சமத்துவ உரிமையின் வெற்றி வரலாறாக எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நான் கிளம்பினேன். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றின் எதிரே கீற்றுக்கொட்டகையில் அமர்ந்திருந்த பத்திர எழுத்தர் ஒருவர் அந்த எண்ணத்தை மாற்றினார். மகள்களுக்குப் பங்கு கொடுக்கும் பாகப்பிரிவினைப் பத்திரங்களைக் காட்டுங்கள் என்று நான் கேட்க, அவர் சிரித்துவிட்டு எடுத்துக் காட்டியவை விடுதலைப் பத்திரங்கள். 'கலியாணத்தின்போது நகையாகவும் சீர்வரிசையாகவும் பெற்றுக்கொண்டுவிட்டபடியால்' சகோதரர்களுக்குத் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் பெண்கள் கையெழுத்திட்ட தாள்கள் அவை. சட்டம் வருவதற்கு முன் வேண்டாதிருந்த கையெழுத்து, சட்டம் வந்த பிறகே வேண்டியதாயிற்று என்பதையும், குடும்பத்துக்குள் எழுதப்படும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைச் செலவு கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு என்பதையும் அவர்தான் எனக்கு விளக்கினார். சமத்துவம் பேசும் அரசமைப்பு உறுப்புகள் 14ஐயும் 15ஐயும் மட்டும் வைத்துக்கொண்டு நான் எழுதியிருந்த முதல் இயலை அதன் பிறகு ஒதுக்கிவைத்துவிட்டேன். ஐயா, தாங்கள் எனக்காக எழுதித் தந்த சொற்பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பத்திரங்களில் கையெழுத்திட்ட பெண்களில் பலர் என்னை வீட்டுக்குள் அழைத்துப் பேசினார்கள். ஏமாற்றப்பட்டவர்களாக அவர்களை எழுதுவது எளிது. அவர்களோ அப்படிப் பேசவில்லை. பிறந்த வீட்டுப் படியேறும் உரிமைக்காக நிலத்தை விட்டோம் என்று கணக்குத் தெரிந்தே சொன்னவர்கள் அவர்கள். புருசன் வீட்டில் ஏதாவது நடந்தால் வந்து நிற்பது அண்ணன்தானே, சட்டமா வரும் என்று ஒருவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உரிமையை அறியாமல் விடுவது வேறு, அறிந்தும் விடவேண்டியிருப்பது வேறு என்ற பாகுபாட்டை என் ஆய்வேட்டின் நடுவில் வைத்ததற்கு அவர்களே காரணம். அவர்கள் பெயர்களை எங்கும் அச்சிடவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை.

என் தம்பிக்கும் தங்கைக்கும் நன்றி சொல்ல வேண்டும், அது சற்றுச் சிக்கலான நன்றி. தந்தையார் காலமானதும் என்னிடமும் தங்கையிடமும் விடுதலைப் பத்திரம் நீட்டப்பட்டது; நாங்கள் கையெழுத்திடவில்லை. பங்கு பிரித்தபோது, 1989 மார்ச் 25க்கு முன்பே எனக்குத் திருமணம் ஆகிவிட்டதால் அச்சட்டத்தின்படி எனக்குப் பிறப்புரிமை இல்லை, அதன் பின் மணமான தங்கைக்கு உண்டு. தந்தை, தம்பி, தங்கை என்று சொத்தை மூன்றாக்கி, தந்தையின் பாகத்தை அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் நான்காகப் பிரித்தால், தம்பிக்கும் தங்கைக்கும் தலா பன்னிரண்டில் ஐந்து பங்கு, அம்மாவுக்கும் எனக்கும் தலா பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரே தாய் வயிற்றுப் பெண்கள் இருவரைத் திருமணத் தேதியை வைத்து ஐந்துக்கு ஒன்றாகப் பிரிக்கும் விதி சமத்துவத்துக்கு ஒத்ததா என்ற என் கட்டுரை பிறந்தது அந்தக் கணக்குத் தாளில்தான். மைய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பிரிவினைகளை அது தொடவில்லை, எங்களுடையதும் அவற்றுள் ஒன்று. என் தம்பி சில காலம் என்னோடு பேசவில்லை. பிறகு அவனே அக்கட்டுரையின் மெய்ப்பைத் திருத்திக் கொடுத்தான், சந்திப்பிழைகளை மட்டும்.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் அரசமைப்பு நிர்ணய சபை விவாதத் தொகுதிகளை அலுக்காமல் எடுத்துத் தந்த பணியாளர்களுக்கு என் வணக்கம். அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் என்று சென்னை மாகாணத்திலிருந்து அந்தச் சபைக்குச் சென்ற பெண்களின் பேச்சுகளை முழுமையாகப் படிக்க வாய்த்தது அவர்களால்தான்.

நூற்பாலைகளில் வேலை செய்த பெண்களுக்கு நான் பட்டிருக்கும் கடனும் பெரிது. தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த பகுதி செல்லாது என்று 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் வசந்தா வழக்கில் தீர்ப்பளித்தபோது, பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணைப் பூட்டிவைத்த விதி ஒழிந்தது என்று வகுப்பில் மகிழ்ந்து பேசினேன். பெண்களை விருந்தினராக அழைத்துப் பேசச் சொன்னபோது அவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றாக இல்லை. இரவுப் பணி வருமானம் என்றவர் ஒருவர். மாட்டேன் என்று சொல்லும் உரிமை எங்கள் கையில் இருந்தால் சரி, மேற்பார்வையாளர் கையில் இருந்தால் அது உரிமை அல்ல என்றவர் இன்னொருவர். போக்குவரத்து, பாதுகாப்பு முதலிய நிபந்தனைகளை அத்தீர்ப்பு ஏன் வரிவரியாக விதித்தது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது; அவற்றை ஒரு பின்னிணைப்பாகக் கருதிக் கடந்துபோகும் உரைநூல்கள் மீது இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

திருநங்கையர் சிலர் என் வகுப்புக்கு வந்து, பெயர் மாற்றத்துக்கும் அடையாள ஆவணங்களுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததைச் சொன்னார்கள். பின்னாளில், 2019இல், திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்யத் தூத்துக்குடியில் மறுக்கப்பட்டு, இந்துத் திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார் என்று உயர் நீதிமன்ற மதுரை அமர்வு தீர்ப்பளித்தபோது, வழக்கு கிளம்பிய இடம் மறுபடியும் பதிவு அலுவலகமாகவே இருந்தது.

என் கட்டுரைகளைக் கடுமையாக மறுத்து எழுதிய சக பேராசிரியர்களுக்கும், கருக்கலில் தட்டச்சு செய்து தந்த அலுவலக உதவியாளருக்கும், சமையலறைப் பொறுப்பைப் பேச்சில்லாமல் எடுத்துக்கொண்ட என் கணவருக்கும் நன்றி. 2020இல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்பு, மகள் பங்கு பெற 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பிலிருந்தே வருவது என்று முடித்துவைத்த நாளில் எனக்கு முதலில் தொலைபேசியில் சொன்னவள் ஒரு பழைய மாணவி. 'அம்மா, இனி விடுதலைப் பத்திரங்கள் கூடுமா குறையுமா?' என்பதே அவளது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியையே அவள் இப்போது ஆய்வாக எடுத்திருக்கிறாள்.

நான் திரட்டிய பத்திரப் படிகளை, பெயர்களையும் சர்வே எண்களையும் மறைத்து, அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். பத்திர எழுத்தர் தந்த சொற்பட்டியலின் படியும் அந்தக் கட்டில் இருக்கிறது. தங்கள் குடும்பத்து விடுதலைப் பத்திரங்களைப் பற்றிப் பேச விரும்பும் பெண்கள், எனக்கு உதவியதைப் போல அவளுக்கும் உதவும்படி வேண்டிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஆசிரியை