வாளிக் குளிப்பை அங்கயே தொடங்கு

அன்பு மகளுக்கு,

ஆகஸ்டில திருகோணமலைக்கு வாறீங்கள் எண்டது பெரிய சந்தோசம். அதுக்கு முன்னம் ஒரு விசயம். சின்னவன் அங்க ஷவரில தானாக் குளிக்கிறான் எண்டு எழுதியிருந்தாய். அந்தப் பழக்கம் அப்பிடியே இஞ்ச வந்து சேராது. ஓட்டிசம் உள்ள பிள்ளையள் கனபேருக்கு ஒரு இடத்தில பழகின வேலை இன்னொரு இடத்தில புது வேலைதான். எங்கட குளியலறையில வாளியைக் கண்டிட்டு அவன் அசையாமல் நிண்டால், அடம்பிடிக்கிறான் எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது. அதால இப்பவே தொடங்கு.

பத்து லீற்றர் வாளி இரண்டும் ஒரு லீற்றர் கோப்பை ஒண்டும் வாங்கு. சிவப்பு வாளி சோப்புக்கு முன்னம், நீல வாளி சோப்புக்குப் பிறகு. ஒரு வாளி மட்டும் எண்டால், தண்ணி முடிஞ்சவுடன குளிப்பும் முடிஞ்சுது எண்டு காதுக்குப் பின்னால நுரையோட வெளிய வந்திடுவான். தோல் கடிக்கத் தொடங்கினால் பிறகு சோப்பையே தொடமாட்டான். முடிவு கண்ணுக்குத் தெரியிறதுதான் வாளியில உள்ள நன்மை, ஷவரில அது இல்லை. சிவப்பில அரைவாசி காணும், நீலத்தை நிரப்பு. முதல் காலுக்கு வார்க்கட்டும், பிறகு தோளுக்கு, கடைசியாத் தலைக்கு. கண்ணுக்க தண்ணி போகும் எண்ட பயம் இருந்தால், மடிச்ச துவாயை நெத்தியில பிடிக்கப் பழக்கு.

பழக்கிறதைக் கடைசியில இருந்து தொடங்கு. முதல்ல எல்லாத்துக்கும் நீ கைகுடுத்து, துவாயைக் கொடியில போடுறதை மட்டும் அவனிட்ட விடு. போட்டவுடன அவனுக்கு விருப்பமானது கையில கிடைக்கவேணும், அஞ்சு நிமிசம் கழிச்சு இல்லை. மூண்டு நாள் தொடர்ந்து உதவி இல்லாமல் போட்டால், உடம்பு துடைக்கிறதையும் அவனிட்டக் குடு. இப்பிடியே ஒவ்வொண்டா முன்னுக்கு வா.

உதவி பின்னால நிண்டுதான். முன்னால நிண்டால் கோப்பையைப் பாக்காமல் உன்ர முகத்தைத்தான் பாப்பான். முதல் கைக்கு மேல கை, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, அதுக்குப் பிறகு சும்மா ஒரு தொடுகை. கதைக்காதை. "அடுத்தது என்ன?" எண்டு நெடுகக் கேட்டால் அந்தக் கேள்வியும் குளிப்பில ஒரு படியாகிடும்; நீ கேக்கும்வரைக்கும் கோப்பையும் கையுமா நிப்பான். கையை எடுக்கிறது லேசு, சொல்லை எடுக்கிறதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு படிக்கும் மனசுக்குள்ள பத்து எண்ணிப் பொறு. பிழைச்சால் "இல்லை" எண்டு சொல்லாமல், ஒரு படி பின்னுக்குப் போய்ச் சேர்ந்து செய்.

கதவைச் சாத்திறதையும் உள்ளுக்கயே துவாய் கட்டுறதையும் முதல் நாளே சேர்த்திடு. கொண்டி மட்டும் போடவேண்டாம். அவனுக்குப் பத்து வயசு. வளர்ந்த பிறகு இதை மாத்தச் சொன்னால் அவனுக்குத்தான் கஷ்டம்.

இஞ்ச வெயிலுக்கு மேல்தாங்கித் தண்ணி மத்தியானத்தில சுடும், அதால காலமையே குளிக்கட்டும். கன்னியா வெந்நீர் ஊற்றில ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு, சனமும் கூட. அதைக் கடைசிக் கிழமைக்கு வைப்பம். கோணேசர் கோயிலுக்குப் பூசை இல்லாத நேரமாப் பாத்துப் போவம்.

எங்கட குளியலறை, கொக்கி, கொடி, வாளி வைக்கிற இடம் எல்லாத்தையும் படமெடுத்து இந்தக் கிழமை அனுப்புறன். படிகளின்ர ஒழுங்கில சுவரில ஒட்டிவிடு. அவன் எந்த சோப் போடுறவன் எண்டு எழுது, மணம் மாறினால் அதுவே ஒரு தடையாகும். இஞ்ச கிடைக்காட்டி அங்க இருந்தே ரண்டு கட்டி கொண்டு வா.

அன்புடன்
அம்மா