பாப்பாவுக்கு ஆச்சி பெயர்

மக்களே,

பாப்பாவுக்கு ஆச்சியின் பெயரை, இசக்கி என்று, வைக்கலாமென்றதும் கேரளத்து நெய்யாற்றின்கரையில் சம்மந்தியம்மா முகம் சுளித்தார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் மேல் தப்பில்லை. இசக்கி என்றதும் அவர்களுக்கு யட்சிதான் நினைவு வரும்; அங்கே யட்சி என்றால் பாலமரத்தில் குடியிருந்து, ராத்திரி வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்டு, ரத்தம் குடிக்கிறவள். மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் வடித்த பிரம்மாண்டமான யட்சி சிலையைப் பார்த்தவர்கள் பேத்திக்கு அந்தப் பெயரை நினைப்பார்களா?

இசக்கியும் யட்சியும் ஒரே சொல்தான், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பேய் என்று மட்டும் பொருளில்லை. வடக்கத்தி யக்ஷி தமிழில் இயக்கி ஆனாள். உயிரை உசிரு என்கிறோமே, அப்படித்தான் இயக்கி நம் வாயில் இசக்கி. உலகத்தை இயக்குகிறவள் என்று சிலர் பொருள் சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, எனக்கு நம்பிக்கையில்லை. சமணர்கள் தங்கள் குருமார்களான தீர்த்தங்கரர்களுக்குத் துணைநிற்கும் பெண் தெய்வங்களை யக்ஷி என்றார்கள். சிதறால் மலையில் பாறையில் செதுக்கிய அம்பிகாவைப் பார்த்திருக்கிறாயே, காலடியில் சிங்கமும் பக்கத்தில் பிள்ளைகளுமாக? அவள் நேமிநாதரின் யக்ஷி. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அது சமணத் துறவிகளின் பள்ளி. பிறகு பகவதி கோயில்.

சிலப்பதிகாரத்தில் ஆயர்குல மாதரி மதுரைக்கு வெளியே இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் சமணத் துறவி கவுந்தியடிகளைக் கண்டு கும்பிடுகிறாள். கண்ணகியை அவள் கையில்தான் ஒப்படைக்கிறார்கள். ரத்தம் குடிக்கிறவளுக்கு யார் பால் வைப்பார்கள்?

நம் பக்கத்து இசக்கியும் சாது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நீ. கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, தன்னைக் கொன்றவனைத் தேடிப்போன நீலி கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் பிள்ளைவரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறவர்கள் அவளிடம்தானே கட்டுகிறார்கள்? பிள்ளையேந்திய அம்பிகாதான் இவளாகியிருப்பாள் என்பது என் ஊகம். ஆச்சியைப் பெற்றவர்களும் முப்பந்தலில் நேர்ந்துகொண்டுதான் அந்தப் பெயரை வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் எழுத வேறு பெயர் பாருங்கள், உன் பெண்டாட்டிக்குப் பிடித்ததாக. இசக்கி வீட்டில் கூப்பிட இருக்கட்டும். சம்மந்தியம்மாவிடம் நீ சிலப்பதிகாரத்தையெல்லாம் எடுக்காதே, இன்னும் கோபம் வரும். பாப்பாவுக்கு இருபத்தெட்டாம் நாள் செய்கிற இருபத்தெட்டு கெட்டுச் சடங்குக்கு முந்தின நாளே நானும் அம்மாவும் அங்கே போய்விடுகிறோம்; நான் மலையாளத்திலேயே பேசிக்கொள்கிறேன். நீ பெங்களூரிலிருந்து டிக்கெட் போட்டாயா?

அப்பா