நீ சொன்ன அந்தச் "சரி"

அன்புள்ள மகனுக்கு,

போன கிழமை உனக்குப் பெண் பார்க்கட்டுமா என்று அம்மா கேட்டபோது நீ "சரி, பாருங்கோ" என்று சொல்லிவிட்டாய். வேலை நிரந்தரமாகட்டும், வீடு வாங்கட்டும் என்று இத்தனை காலம் தள்ளிக்கொண்டு வந்தவன் ஒரே சொல்லில் சம்மதித்ததும் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரியம்மாவுக்குச் சொல்லி, பெரியம்மா கனடாவுக்குச் சொல்லி, இப்போது வெள்ளவத்தையில் பாதிப் பேருக்குத் தெரியும். எனக்குத்தான் அந்தச் "சரி" பிடிக்கவில்லை. நீ விரும்பிச் சொல்லும் சரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு ஒரு ஃபோனும் இல்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதைப் பார்க்கிறாய், பதில் போடுவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டது. மற்றதை அம்மா சொல்வாள்.

எனக்கு நேராகக் கேட்க வராது மகன். காலம் முழுக்க உயர்தரப் பிள்ளைகளுக்கு விலங்கியல் படிப்பித்தவன், தெரிந்த வழியில்தான் எழுத முடியும். பொதுவாகத்தான் சொல்கிறேன், உன்னைப் பற்றி என்று எடுத்துக்கொள்ளாதே. ஒருவருக்கு யார் மேல் மனம் போகிறது என்பது அவர் இருந்து யோசித்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை. ஆணுக்கு ஆண் மேலோ பெண்ணுக்குப் பெண் மேலோ விருப்பம் வருவதற்கு ஒரு தனி மரபணு இருக்கிறதா என்று ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் மரபணுக்களைப் பார்த்து 2019 இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அப்படி ஒரு தனி மரபணு இல்லை. சிறு சிறு வேறுபாடுகள் ஏராளம், எல்லாவற்றையும் கூட்டினாலும் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் 8 முதல் 25 வீதம் வரைதான் அதனால் விளங்குகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு கருப்பையிலேயே நடக்கிறது என்று நினைக்கப் பல தடயங்கள் உண்டு. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்மார் கூடக் கூட, தம்பிக்கு ஆண் மேல் விருப்பம் வரும் சாத்தியம் ஒவ்வோர் அண்ணனுக்கும் முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஏறுகிறது என்று கனடாவில் பிளான்சார்ட், போகார்ட் என்ற இருவர் 1996 இல் காட்டினார்கள். உனக்கு மேலே இரண்டு அண்ணன்மார். அதற்காக மூன்றாவது மகன் எல்லோரும் அப்படி என்று இல்லை, அடிப்படை எண்ணே சிறியது, பெரும்பாலானவர்கள் அப்படி இல்லை. ஆனால் தாய் செல்லம் கொடுத்ததால், தகப்பன் கண்டிக்காததால் என்று ஒரு காலத்தில் மனநல மருத்துவர்களே சொன்னார்களே, அதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. 1990 இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது.

சரி, அப்படியானால் சமூகத்துக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. மாமா மகளைக் கட்டலாம், சித்தப்பா மகள் தங்கச்சி. மரபணுக் கணக்கில் இரண்டு பேரும் ஒரே தூரம், இருவரோடும் எட்டில் ஒரு பங்கு பொது, ஆனால் ஒருத்தியை மச்சாள் என்று கூப்பிட்டு வளர்கிறோம், மற்றவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு வளர்கிறோம். கண்டிப் பக்கம் அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே பெண்ணைக் கட்டி ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள், 1859 இல் வெள்ளைக்காரன் அதைச் சட்டத்தால் தடுத்தான். ஆகவே யாரைக் கட்டலாம், எதற்கு வெட்கப்படவேண்டும் என்பதையெல்லாம் ஊர்தான் தீர்மானிக்கிறது. மனதை ஊரால் ஏவ முடியுமா என்பது வேறு கேள்வி. தாய்வானில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. பெண் குழந்தையைக் கைக்குழந்தையாகவே வருங்கால மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள், அவளும் அந்த வீட்டுப் பையனும் அண்ணன் தங்கை மாதிரி ஒரே பாயில் வளர்வார்கள், வயது வந்ததும் பெரியவர்கள் முடித்துவைப்பார்கள். சீதனப் பேச்சு இல்லை, மாமியார் மருமகள் சண்டை குறைவு, இரு வீட்டுக்கும் சம்மதம். ஆர்தர் வுல்ஃப் என்ற மானிடவியலாளர், அந்தத் தீவை ஆண்டபோது ஜப்பானியர் எழுதிவைத்த குடும்பப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தார். மற்றக் கல்யாணங்களைவிட அவர்களுக்குப் பிள்ளைகள் குறைவு, மணமுறிவு அதிகம். எல்லாப் பொருத்தமும் பார்த்த பெரியவர்களால் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஆசையை உண்டாக்க முடியவில்லை.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் நினைப்பேன். இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன். அம்மா பார்க்கப்போவதும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை. மனதில் இல்லாத ஒருவன் அவளைக் கட்டி, பக்கத்தில் படுத்து, ஏன் இவன் என்னைத் திரும்பிப் பார்க்கிறான் இல்லை, என்னில் என்ன குறை என்று அவள் தினமும் யோசித்தால் அதற்கு யார் பொறுப்பு? எங்களைச் சந்தோஷப்படுத்த ஆமென்று சொல்லாதே. அம்மா அழுவாளே என்று சொல்லாதே. நீ நல்ல பிள்ளை, அந்த ஊரில் தனியாக நின்று படித்து வேலை எடுத்து அண்ணனின் கடனையும் அடைத்தவன், உன்னைப்பற்றி ஊரில் பெருமையாகத்தான் கதைக்கிறேன். ஆனால் நல்ல பிள்ளையாக இருக்கிறேன் என்று இந்தக் காரியத்தைச் செய்யாதே. எனக்கு உன்னில் கோபமும் உண்டு. அப்பாவிடம் சொல்லக்கூடாதது என்று ஒன்றை எப்படி நீயாக முடிவு செய்தாய்?

சட்டம் பயமாக இருந்தால் அதுவும் எனக்குத் தெரியும். 1883 இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில் இப்படியான உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவனே 1967 இல் மாற்றிக்கொண்டான், நாங்கள் 1995 இல் பெண்களையும் அதற்குள் சேர்த்தோம். 2023 மே மாதம் அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது பத்திரிகையில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். ஏன் வெட்டினேன் என்று அம்மா கேட்டாள். படிப்பிக்க என்றேன்.

உன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற அந்தப் பிள்ளை எங்கே? பிட்டு எப்படி அவிக்கிறது என்று வீடியோவில் அம்மாவிடம் கேட்டவன். நீ ஃபோன் எடுத்தால் பின்னால் எப்போதும் அவன் குரல் கேட்கும், இப்போது கொஞ்ச நாளாகக் கேட்கவில்லை. போய்விட்டானா? நீ இந்தச் "சரி" சொன்னதால் போனானா? அவனுடைய அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் என்றாயே, சுகமா?

உன் சாதகக் குறிப்பை அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நீ சொல்லாமல் கொடுக்கமாட்டேன். வெள்ளி பின்னேரம் அவள் மயூரபதி அம்மன் கோயிலுக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். அந்த நேரம் எடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா